பதினோரு வரிப் போர்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பயம்தான் காரணம். ஒரு வருடம் எங்கள் அச்சக முதலாளி, வேலை பார்ப்பவர்கள் பெயரையெல்லாம் அடியில் போட்டு ஒரு காலண்டர் அடித்தார். மெய்ப்புப் பார்க்கப் போன தாள் திரும்பி வந்தபோது ஒரே ஒரு பெயர் மட்டும் சிவப்பு மையில் அடிபட்டிருந்தது. அவருடைய பெயர்தான். ஓரத்தில் குறிப்பு வேறு: ‘இதை வாசித்து யாரும் எதுவும் செய்யப் போவதில்லை.’ அப்படியானால் என் பெயரை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டேன்.

“உங்க பேரப் பாத்தா நாலு பேரு ஒதுங்கிப் போவாகள்ல அண்ணாச்சி. அது உபயோகந்தான?” என்றார்.

சிவகாசியில் நாங்கள் இருவரும் ஒரே ஆப்செட் அச்சகத்தில் இருந்தோம். நான் ஆர்டர் பிடிப்பவன், அதாவது வாயால் பிழைப்பவன். அவர் மெய்ப்புப் பார்ப்பவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். இருவரில் யார் மூத்தவர் என்ற வழக்கு கடைசிவரை தீரவில்லை. பட்டாசுப் பெட்டியின் பின்பக்கம், எப்படி வெடிப்பது என்று பொடி எழுத்தில் சில வரிகள் இருக்குமே, எங்கள் அச்சகத்தில் அடித்தவற்றில் அந்த வரிகள் எல்லாம் அவர் எழுதியவை. ‘யாரும் வாசிக்காத வரிகள்’ என்று நான் கேலி செய்வேன். ‘வாசிக்க முடியாத’ என்று அவர் திருத்துவார்.

ஒரு தீபாவளிக்கு முதல் நாள் மாலை முதலாளி கொடுத்தனுப்பிய பலகாரப் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு வங்கி ஊழியர். எதையும் வாசித்துவிட்டுச் செய்யும் அரிய பிறவி. ராக்கெட் பெட்டியைத் திருப்பி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, முதல் வரியை வாசித்திருக்கிறார்: தரையில் வைத்து, தூரமாக நின்று பற்ற வைக்கவும். பாட்டிலில் நிறுத்த வேண்டும் என்பது நாலாவது வரியில்தான் வருகிறது. மனிதர் அதுவரை போகவில்லை. ராக்கெட்டைத் தரையில் படுக்க வைத்தார். நீளக் குச்சியில் ஊதுபத்தியைக் கட்டி, மிகவும் பொறுப்பாக, மிகவும் தூரமாக நின்று பற்ற வைத்தார். அது தெருவைக் குறுக்கே கடந்து, அக்கா வீட்டுக் கேட்டுக்கு அடியில் நுழைந்து, கொடியில் தொங்கிய புதுச் சேலையின் முந்தானையைக் கருக்கிவிட்டு, வாளித் தண்ணீரில் விழுந்து அவிந்தது. அதற்குள் நான் அடுப்பங்கரையைக் கடந்து கொல்லைப்பக்கம் போய்விட்டிருந்தேன். பலகாரப் பெட்டியையும் பத்திரமாகக் கொண்டுபோயிருந்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நான் திரும்பி வந்தபோது வங்கிக்காரர் கை கூப்பி நின்றார். அக்கா அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கி, கருகிய சேலையைக்கூடப் பார்க்காமல், பின்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க எதுக்கு சார் மன்னிப்புக் கேக்கீக? நான் எழுதுனபடிதான நீங்க செஞ்சிருக்கீக.”

விடுமுறை முடிந்த முதல் நாள் அந்தச் சேலையைத்தான் கட்டிவந்தார், கருகின முந்தானை தெரியும்படி. அடுத்த லோடு லேபிளில் பாட்டில் முதல் வரிக்கு வந்துவிட்டது.

இதுதான் அவருடைய குணம். ஒருவர் தவறாகச் செய்தால் அவரைத் திட்ட மாட்டார், வாசித்த தாளைப் பிடுங்கிப் பார்ப்பார். எதை எழுதினாலும், அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு பார்ப்பார். வாசிப்பவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. ஒரு வார்த்தை சொன்னால் விளங்கிவிடும் என்றாலும் சொல்ல மாட்டார். கல்நெஞ்சம் என்று சண்டை பிடித்திருக்கிறேன்.

“பெட்டி கூட நான் போவேனா அண்ணாச்சி? வரி மட்டுந்தான போகும்.”

இந்தக் கல்நெஞ்சத்தை நான் உடம்பால் அனுபவித்திருக்கிறேன். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி இரண்டு வரியில் போட்டிருந்தார். மெய்ப்பை என் கையில் கொடுத்து, “இத மட்டும் பாத்து பைக்ல போங்க. யார்ட்டயும் கேக்கக் கூடாது” என்றார். அவர் பின்னாலேயே ஆட்டோவில் வந்தார். ரயில்வே கேட்டைத் தாண்டி இடதுபுறம் என்றிருந்தது. தாண்டினேன், முதல் இடதில் திரும்பினேன், ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முற்றத்தில் போய் நின்றேன். வாட்ச்மேன் யார் வேண்டும் என்றார். கல்யாணம் என்றேன். யாருக்கு என்றார். இந்த வயதில் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் அக்கா ஆட்டோவில் கை கட்டி உட்கார்ந்திருக்கிறார், யாரோ மாதிரி. அடுத்த சந்து, அதற்கடுத்த சந்து என்று பெட்ரோல் ரிசர்வுக்கு வரும்வரை சுற்றினேன். சாயங்காலம் அந்த வரி ‘கேட்டைத் தாண்டி மூன்றாவது இடது’ என்று மாறியது. மறுநாள் மறுபடியும் என்னையே அனுப்பினார். போய்ச் சேர்ந்தேன்.

“அண்ணாச்சியே போயிட்டாக, இனிமே ஒருத்தரும் வழி தவற மாட்டாக” என்று மண்டப வாசலில் நின்று சொன்னார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இப்படிப்பட்டவரிடம் போர் ஒன்றை ஒப்படைத்த கதைக்கு வருகிறேன்.

சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். ஸ்பாஞ்சில் குழி வெட்டி, நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டிக்குள் ஈய வீரர்களை அடுக்கிவைத்திருந்தார். கட்டை விரல் உயரம்தான், ஆனால் ஒவ்வொருவனுக்கும் மீசை தனித்தனியாக வரைந்திருந்தது. எல்லாம் அவரே தீட்டியதாம். இவர்களை மேசையில் நிறுத்தி, அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் நடத்தும் ஒரு விளையாட்டு. வெளிநாடுகளில் பெரியவர்கள் ராத்தூக்கம் மறந்து விளையாடுவார்களாம். அதை எட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழில், ஈயத்துக்குப் பதில் அட்டை வீரர்களாக, ஒரு பெட்டியில் போட வேண்டும். விதிப்புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். மேசை சத்தம் போட்டது.

“விதிகளைக் குழந்தைகளுக்கு ஏத்த மாதிரி சுருக்கித் தரணும். உங்க பிரஸ்ல ஆள் இருக்காங்களா சார்?”

“ஒரே வாரம் சார்” என்றேன். அந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆர்டர் பிடிப்பவன் அதையெல்லாம் பார்க்கக் கூடாது.

அவர் ஒரு நிபந்தனை வைத்தார். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில், இரண்டு மேசை, மேசைக்கு நாலு பிள்ளைகள். பெட்டியைக் கொடுப்போம். பெரியவர்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் இரண்டு மேசையிலும் ஆட்டம் முடிந்தால் ஆர்டர் எங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஊர்.

எங்கள் ஊரில் தீபாவளி லேபிள் முடிந்தால் காலண்டர், காலண்டர் முடிந்தால் டைரி. மாசி பங்குனியில் அச்சகம் காற்று வாங்கும். பெட்டி ஒட்டும் பேஸ்டிங் பகுதியில் பதினான்கு பெண்கள். சீசன் முடிந்ததும், வேலை வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்று வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். இந்த ஆர்டர் வந்தால் வீரர்களை அட்டையிலிருந்து பிரிக்க, நிற்பதற்கு அடிக்கட்டை ஒட்ட, பெட்டியில் அடுக்க என்று அவர்களுக்கு இரண்டு மாத வேலை. நான் என்ன செய்தேன்? நேராக பேஸ்டிங் பகுதிக்குப் போய், “மாசி பங்குனிக்கு வேலை வந்தாச்சு” என்று அறிவித்துவிட்டேன்.

பக்கத்து ஊரான விஸ்வநத்தத்திலிருந்து வரும் பெண் ஒருவர் எழுந்து வந்தார். “நெசமாவா அண்ணாச்சி? இங்க சீசன் முடிஞ்சதும் பட்டாசு கம்பெனிக்கு வாரேன்னு சொல்லிருந்தேன். அப்ப வரலைன்னு சொல்லிரவா?”

“சொல்லிருங்க” என்றது என் வாய். அன்று சாயங்காலம் பேருந்தில் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு வீரனிடமிருந்து இன்னொரு வீரனுக்குத் தூரத்தை அவன் அடிக்கட்டையின் விளிம்பிலிருந்து அளப்பதா, நடுவிலிருந்து அளப்பதா என்பதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். மூன்றாம் பக்கத்தில் வியர்த்தது. ஐந்தாம் பக்கத்தில் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

மறுநாள் மத்தியான இடைவேளையில் புத்தகத்தை அக்கா முன்னால் வைத்தேன். சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டுப் புரட்டினார். அவர் வாழ்நாளில் தாயம் தவிர எதையும் விளையாடியதில்லை.

“இத விளையாடும்போது பக்கத்துல யாரு இருந்து சொல்லிக் குடுப்பாக?”

“யாருமில்ல அக்கா. பெட்டி மட்டுந்தான் போகும்.”

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இருபது வருடம் பட்டாசுப் பெட்டிக்கு எழுதியவருக்கு இதைவிட இனிப்பான வார்த்தை இல்லை போலிருக்கிறது. “அப்பச் செஞ்சிரலாம்” என்றார்.

முதலில் நாற்பது வரி எழுதினார். பள்ளிக்கூடம் விட்டதும் பேஸ்டிங் பெண்களின் பிள்ளைகள் அச்சகத்துக்கு வந்துவிடுவார்கள். காகிதக் கிடங்கின் தரையில் அவர்களை உட்காரவைத்து, வீரர்களையும் தாளையும் கொடுத்தார். என்னைத்தான் முதலில் தண்டித்தார். பிள்ளைகள் தடுமாறியதும், “அது அப்படி இல்லடா” என்று ஆரம்பித்தேன். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார்.

“வாய் நெறைய வச்சுக்கோங்க. முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது.”

அன்றிலிருந்து அந்தப் போர்களை நான் கன்னம் உப்பியபடிதான் பார்த்தேன். பிள்ளைகளுக்கு விளையாட்டை விட என் முகம்தான் பிடித்திருந்தது.

தூரத்தைச் சாணால் அளக்கச் சொல்லி எழுதியிருந்தார். முதல் நாளே கைகலப்பு. ஐந்தாம் வகுப்பின் சாணும் மூன்றாம் வகுப்பின் சாணும் ஒன்றா? கட்டிங் மெஷினுக்கு அடியில் கிடந்த அட்டைக் கழிவிலிருந்து ஒரே நீளத்தில் துண்டுகள் பொறுக்கினார். ஒரு வீரன் ஒரு முறைக்கு ஒரு அட்டை நடப்பான், அவ்வளவுதான். அடி பட்டதா, காயமா, கவசம் தாங்கியதா என்று மூன்று முறை பகடை உருட்டச் சொன்னது பெரிய புத்தகம். மூன்றாவது உருட்டலுக்குள் எந்தப் பிள்ளைக்கும் யார் யாரைச் சுட்டது என்பது நினைவில்லை. ஒரே உருட்டலாக்கினார். நாலு, ஐந்து, ஆறு விழுந்தால் எதிரி பெட்டிக்குள் போவான். யாரை யார் பார்க்க முடியும் என்பதற்குப் படம் போட்டு ஏழு பக்கம் இருந்தது. அக்கா எழுதினார்: ‘குனிந்து உன் வீரன் கண்ணால் பார். எதிரி தெரிந்தால் சுடு.’ பிள்ளைகள் தரையில் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்ததைக் கண்டு நானும் படுத்துப் பார்த்தேன். எழுந்திருக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஆனால் நிஜமாகவே தெரிந்தது, அட்டைச் சுவருக்கு மேல் ஒருத்தனின் தலைப்பாகை.

நாற்பது வரி இருபத்திமூன்றானது. அதற்கப்புறம்தான் பீரங்கி வந்தது.

பீரங்கியை வெடிக்க இரண்டு வீரர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். வெடித்ததும் அடுத்த முறை மருந்து கெட்டிக்க வேண்டும், அதற்கு ஒரு அட்டவணை, அட்டவணைக்கு இரண்டு பக்கம். எப்படிச் சுருக்குவது என்று அக்காவே மூன்று நாள் திணறினார். அந்தச் சமயத்தில், விஸ்வநத்தத்துப் பெண்ணின் மகள், நாலாவது படிப்பவள், பகடையை உருட்டினாள். “டமார்” என்றாள். உடனே இரண்டு வீரர்களையும் தூக்கி ஒரு அட்டை தூரம் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். தாளில் அப்படி ஒரு வரியே இல்லை. தண்ணீர் வாயோடு நான் கையை ஆட்டினேன். எதிர்ப்பக்கப் பிள்ளைகள் ஒருத்தரும் ஆட்சேபிக்கவில்லை. அவர்கள் முறை வந்ததும் அவர்களும் அதையே செய்தார்கள். மறுநாள் வேறு பிள்ளைகள், அவர்களும் வெடித்தார்கள், ஓடினார்கள்.

அக்கா முதல் தடவையாக வாயைத் திறந்தார். “ஏன் புள்ள பின்னால கொண்டு போன?”

அந்தப் பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “பத்த வச்சா ஓடணும்ல?”

எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு இதற்கு ஒரு விதி வேறு எழுதித் தருவார்களா? அக்கா பென்சிலை எடுத்து அந்த இரண்டு பக்க அட்டவணையை மூலைக்கு மூலை ஒரே கோடாக அடித்தார். ‘பீரங்கி வெடித்ததும் இருவரும் ஒரு அட்டை பின்னால் ஓட வேண்டும்.’ சென்னைக்காரர் போனில் பதறினார். மருந்து கெட்டிக்கும் விதி இல்லாவிட்டால் பீரங்கி ரொம்பப் பலமாகிவிடும், ஆட்டத்தின் சமநிலை போய்விடும் என்றார். சமநிலை என்றால் என்ன என்று தெரியாமல் நானும் பதறினேன். அக்கா போனை வாங்கினார்.

“சார், ஓடுனவன் திரும்பி வரணும்ல? வாரதுக்கு ஒரு முறை போயிருதுல்ல? அப்ப ஒரு முறை விட்டுத்தான வெடிக்க முடியும்?”

மறுமுனையில் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. கடைசியில், “ரெண்டு பக்கம் மேடம்… ரெண்டு பக்கத்தை…” என்றது ஒரு குரல்.

இப்படித்தான் போர் பதினோரு வரிக்கு வந்து நின்றது. கிடங்கில் பிள்ளைகள் தாளைப் பார்த்து வரிசையாக ஆறு நாள் தடையில்லாமல் விளையாடினார்கள். எனக்கு ஆறாம் நாள் தண்ணீர் தேவைப்படவில்லை.

விருதுநகருக்கு நாங்கள் போன அந்தச் சனிக்கிழமை காலையில் எனக்குக் கண் கலங்கிக்கொண்டே இருந்தது. மிளகாய் மண்டி நெடி என்று முதலாளியிடம் சொன்னேன். பேருந்தில் இருந்தபோதே கலங்கியது, அப்போது நெடி எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

பள்ளிக்கூட அறையில் இரண்டு மேசை போட்டிருந்தார்கள். சென்னைக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தார். அவருக்கு மத்தியான வண்டியில் ஊருக்குப் போக வேண்டும். பிள்ளைகள் பெட்டியைத் திறந்தார்கள். ஒருவன் சத்தமாக வாசித்தான், மற்றவர்கள் வீரர்களை நிறுத்தினார்கள். முதல் மேசையில் ஆட்டம் குதிரை மாதிரி ஓடியது. இரண்டாம் மேசையில் இரண்டு பையன்கள் பீரங்கியை மேசையின் ஓரத்திலேயே நிறுத்தியிருந்தார்கள், எதிரி பின்னால் வரக் கூடாதாம். கெட்டிக்காரப் பயல்கள் என்று நினைத்தேன். பகடை உருண்டது. வெடித்தது.

“ஓட வைலே.”

“எங்கன ஓட? மேசை முடிஞ்சிட்டுல்ல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் கிடங்கில் தரையில் விளையாட வைத்தோம். தரைக்கு ஓரம் கிடையாது. ஆறு நாளும் அத்தனை வீரர்களும் இஷ்டத்துக்குப் பின்னால் ஓடியிருக்கிறார்கள். பதினோரு வரியில் எங்குமே மேசை முடிந்தால் என்ன செய்வது என்று இல்லை.

“கீழ விழுந்துட்டான். செத்துட்டான். பெட்டில போடு” என்றாள் எதிர்ப்பக்கப் பெண்.

“ஓடுனவன் எப்படி சாவான்? தப்பிச்சிட்டான்லே.” பையன் வீரனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“பைல வச்சிருந்தா எப்ப வருவான்?”

“வருவான். சாப்பிட்டுட்டு வருவான்.”

தாளை நாலு பேரும் மாறி மாறி இழுத்தார்கள். ஏழாவது வரியை மூன்று முறை சத்தமாக வாசித்தார்கள். ஓட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் இருந்தது. ஒரு பையன் என்னைப் பார்த்து, “அங்கிள், நீங்க சொல்லுங்க” என்றான். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் ஒரு பல்லி இருந்தது. அதன் இடத்தில் நான் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. முதலாளி அக்கா பக்கம் சாய்ந்து, “யம்மா, ஒரு வார்த்த சொல்லிருங்க. அவரு அங்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தான இருக்காரு” என்றார். சென்னைக்காரர் முதல் மேசையில் கவனமாக இருந்தது நிஜம்தான்.

ஓரத்தில் நின்னா போதும் என்று சொன்னால் முடிந்தது. மூன்று சொல். விஸ்வநத்தத்துப் பெண் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம், பதினான்கு பேருக்கும் பங்குனி வரை கைவேலை இருக்கும், நான் தலை நிமிர்ந்து நடக்கலாம். அக்கா சொல்லவில்லை. பென்சிலைப் பிடித்திருந்த அவர் விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கும் பயம் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மணி நேரம் முடிந்தது. முதல் மேசையில் கைதட்டல். இரண்டாம் மேசையில் நாலு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு வீரன் எட்டிப் பார்த்தான்.

நான் முந்திக்கொண்டேன். “சார், பிள்ளைங்க சனிக்கிழமைன்னா கொஞ்சம் அசதியா…”

“பிள்ளைக மேல தப்பு இல்ல சார்.” அக்கா எழுந்து நின்றிருந்தார். “ஏழாவது வரி தப்பு. நான் எழுதுனது. தரையில வச்சே பாத்துட்டேன், மேசையில வச்சுப் பாக்கணும்னு தோணல.”

தூக்குமேடைக்குத் தானே படி கட்டியவரை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். அக்கா, ஏன் அக்கா என்று முனகியது என் காதுக்கே கேட்டது. ஆனால் உள்ளே எங்கோ, அந்தப் பதற்றத்துக்கெல்லாம் அடியில், என் சட்டைப் பித்தான் தெறிக்கிற மாதிரி ஒன்று நிமிர்ந்தது. எங்கள் அச்சகத்து ஆள், பாருங்கடா என்று.

“எனக்கு இன்னொரு மணி நேரம் வேண்டாம்” என்றார் அக்கா. “இதப் பாக்காத வேற நாலு பிள்ளைக மட்டும் வேணும்.”

சென்னைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். “வண்டிக்கு நேரம் இருக்கு” என்றார், கொஞ்சம் மனமில்லாமல்.

அக்கா ஏழாவது வரியை அடித்தார். எழுதினார், அடித்தார். ஜன்னல் பக்கம் போய் நின்று யோசித்தார். பிறகு எழுதியதை நான் தோளுக்கு மேலாக வாசித்தேன்: ‘பின்னால் ஒரு அட்டை தூரம் ஓட இடம் இருந்தால் மட்டும் பீரங்கியை வெடி. வெடித்ததும் இருவரும் ஓட வேண்டும்.’ பதினோரு வரி பதினோரு வரியாகவே இருந்தது.

பக்கத்து வகுப்பிலிருந்து நாலு பேர் வந்தார்கள். வாசித்தார்கள். ஒருவன் முந்தைய பையன்களைப் போலவே பீரங்கியை ஓரத்துக்குக் கொண்டுபோனான். அவன் கூட்டாளி, “ஏலே, ஓட எடம் இல்ல பாரு” என்று அவனே இழுத்து உள்ளே வைத்தான். அவ்வளவுதான், ஒரு சண்டையும் இல்லை. போர் ஆரம்பமாகியது.

எதிர்ப்பக்கம் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். அவள் வீரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி அவளுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு வீரனை மட்டும், அட்டை அட்டையாக, சுவருக்குப் பின்னால், மரத்துக்குப் பின்னால் என்று சுற்றிக் கொண்டுபோனாள். சென்னைக்காரர் கைப்பையைத் தோளில் மாட்டியபடி நின்று பார்த்தார். நாலாவது முறையில் அந்த வீரன் எதிரி பீரங்கிக்கு நேர் பின்னால் போய் நின்றான்.

“பத்த வைக்கப் போறேன்” என்றான் பையன்.

“வச்சுக்கோ. எங்கிட்டு ஓடுவ?”

“பின்னால.”

“பின்னால நான் நிக்கேன்ல.”

பையன் பீரங்கியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பகடையைக் கீழே வைத்துவிட்டான். அந்தப் பெரிய பீரங்கி, ஒரு அட்டை வீரன் பின்னால் நின்றதில் வாயடைத்துப் போயிருந்தது.

சென்னைக்காரரின் பை தோளிலிருந்து இறங்கியது. அவர் மண்டியிட்டு, தாடையை மேசை விளிம்பில் வைத்து, அந்த ஒற்றை வீரனின் உயரத்தில் கண்ணைக் கொண்டுவந்தார். “பதினஞ்சு வருஷமா விளையாடுறேன் சார். இப்படி ஒண்ணை எந்தப் புத்தகத்துலயும் பாத்ததில்ல.” என் பக்கம் திரும்பாமலேயே, “அட்டையை மெஷின்ல ஏத்திருங்க” என்றார்.

முதலாளி என் தோளைப் பிடித்தார், விழாமலிருக்க. யார் விழாமலிருக்க என்பது தெளிவாகவில்லை. நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் விஸ்வநத்தத்துப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

“திங்கக்கெளமை வந்துருங்க.”

“வேலை வந்தாச்சுன்னு அன்னைக்கே சொல்லிட்டீகள்ல அண்ணாச்சி, இப்ப என்னத்துக்கு மறுபடியும் போன் பண்ணிச் சொல்லுதீக?”

திரும்பி அறைக்குள் வந்தபோது ஸ்டேஷன் பக்கம் வண்டி ஊதிக் கேட்டது. “சார், உங்க வண்டி” என்றேன்.

“போகட்டும் சார். இந்தப் பையன் இப்ப என்ன பண்றான்னு பாக்கணும்.”

பையன் இரண்டு வீரர்களைத் திருப்பி, பின்னால் நிற்கும் எதிரியைத் துரத்தத் தயாராகிக்கொண்டிருந்தான். அறையில் எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. அவர் எழுதிய தாள் ஒருவனின் முழங்கைக்கு அடியில் கசங்கிக் கிடந்தது. ரொம்ப நேரமாக அதைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் தேவைப்படவில்லை. கை கட்டியபடி அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நடை பழகிய பிள்ளையின் கையை விட்டுவிட்ட தாய் மாதிரி ஒரு சிரிப்போடு.